மேற்கோள்களின் எண்ணிக்கையும் ஆராய்ச்சியின் மதிப்பும்

ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் சோதனைகளின் முடிவைக் கட்டுரையாக வெளியிடும்பொழுது, தமக்கு முன்பு அத்துறையில் உழைத்தவர்களுடைய கட்டுரைகளுள் தமக்குப் பயன்பட்டவற்றை இறுதியில் குறிப்பிடுவது மரபு. இக்குறிப்பே மேற்கோள் எனப்படுகிறது. பெற்ற கடனை ஒப்புக்கொள்ளுவதற்காகத் தோன்றிய இம்மரபு, இன்று ஆராய்ச்சியாளரை எடைபோடும் படிக்கல்லாகவும் ஆகிவிட்டது. பதவி அளிப்பதற்கும், ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வழங்குவதற்கும், ஒருவருடைய கட்டுரைகள் எத்தனை, அவை பெற்ற மேற்கோள்கள் எத்தனை என்று பல இடங்களில் வினவப்படுகின்றது. இவ்வெண்கள் உண்மையில் எதனை அளக்கின்றன? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டு உயிர் இரசாயன அறிஞர் ஆலிவர் லௌரியின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

லௌரி 1910-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்தையும் உயிர் இரசாயனத்தில் டாக்டர் பட்டத்தையும் 1937-இல் பெற்றார். பின்னர் ஹார்வர்டிலும், நியூயார்க் நகரிலுள்ள பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்திலும் பணிபுரிந்து, 1947-இல் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவரானார். 1996-இல் காலமானார். மிகச் சிறிய அளவுடைய பொருள்களைப் பிழையின்றி அளப்பதே அவர் வாழ்நாள் முழுவதும் மேற்கொண்ட பணியாகும்.

நீல நிறத்தால் புரதத்தை அளத்தல்

உயிரணுக்களைப் பற்றிய சோதனை எதுவாயினும், எடுத்துக்கொண்ட பொருளில் புரதம் எவ்வளவு உள்ளது என்று முதலில் அறிய வேண்டும். இல்லாவிடில் ஒரு சோதனையின் முடிவை மற்றொன்றின் முடிவோடு ஒப்பிட இயலாது. இதற்கென லௌரி வகுத்த முறை எளியது. புரதக் கரைசலைக் காரத்தன்மையுள்ள செம்புக் கரைசலோடு கலந்து பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். செம்பு புரதத்தோடு இணையும். பின்னர் போலின் சோதனைக் கரைசல் எனப்படும், மாலிப்டினமும் டங்ஸ்டனும் அடங்கிய நீர்மத்தைச் சேர்த்தால் அரைமணி நேரத்தில் நீல நிறம் தோன்றும். புரதம் மிகுந்தால் நிறமும் மிகும். அந்நிறத்தின் அடர்த்தியைக் கருவியால் அளந்து, அளவு தெரிந்த புரதம் தரும் நிறத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். செம்பை மட்டும் பயன்படுத்தும் பழைய பையூரெட் முறையினும் இது ஏறத்தாழ நூறு மடங்கு நுட்பமானது. ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம் ஆகும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவேயுள்ள புரதத்தையும் இம்முறையால் அளக்க இயலும்.

இதனை விளக்கும் கட்டுரை, ரோஸ்பரோ, பார், ரண்டால் ஆகிய மூவரையும் உடனாசிரியர்களாகக் கொண்டு, 1951-ஆம் ஆண்டில் 'ஜர்னல் ஆப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி' என்னும் இதழில் வெளிவந்தது. புரதத்தின் வகைக்கேற்ப நிறத்தின் அளவு மாறுபடும் என்பதையும், நிறம் புரதத்தின் அளவுக்கு முற்றிலும் நேர்விகிதத்தில் அமைவதில்லை என்பதையும் ஆசிரியர்கள் அக்கட்டுரையிலேயே மறைக்காமல் எடுத்துரைத்தனர்.

விஞ்ஞான வரலாற்றிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை இதுவாகும். 2014-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இதழ் வெளியிட்ட கணக்கின்படி, அதற்குள் மூன்று லட்சத்து ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களை இது பெற்றிருந்தது. அக்கணக்கில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் புரதம் பற்றிய முறைகளுக்கே கிடைத்தன. ஒன்று புரதங்களை மின்னோட்டத்தால் பிரித்தறிவதற்கு லாம்லி 1970-இல் வெளியிட்ட முறை. மற்றொன்று சாயத்தின் உதவியால் புரதத்தை அளப்பதற்குப் பிராட்போர்டு 1976-இல் வெளியிட்ட முறை. பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953-இல் விளக்கி உயிரியலின் போக்கையே மாற்றிய வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை, அப்பட்டியலின் முதல் நூறு இடங்களுள் ஒன்றைக்கூடப் பெறவில்லை.

மேற்கோள் அட்டவணை

இத்தகைய கணக்கெடுப்பு எவ்வாறு இயல்வதாயிற்று என்பதையும் இங்கு அறிதல் நலம். அமெரிக்காவில் ஷெப்பர்டு என்பவர் 1873-ஆம் ஆண்டிலேயே வழக்கறிஞர்களுக்காக ஓர் அட்டவணையைத் தொடங்கினார். பழைய தீர்ப்பொன்று பிற்காலத் தீர்ப்புகளில் எங்கெங்கு எடுத்தாளப்பட்டது, ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பதை அதில் காணலாம். இம்முறையை விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் கையாளலாம் என்று யூஜின் கார்பீல்டு 1955-இல் எடுத்துரைத்தார். அவர் நிறுவிய நிலையம் 613 இதழ்களை ஆராய்ந்து, 1961-ஆம் ஆண்டுக்குரிய விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. தேவையான கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு உதவுவதே அதன் முதல் நோக்கம். ஆட்களைத் தரப்படுத்தும் வழக்கம் பின்னரே வளர்ந்தது.

மூளையை எடைபோட்ட இரசாயனி

புரத அளவை முறை லௌரியின் பணிகளுள் ஒரு சிறு பகுதியே. அவர் உள்ளம் ஈடுபட்டது மூளையின் இரசாயனத்தில். மூளையை முழுதாக அரைத்துச் சோதித்தால், பலவகை உயிரணுக்களும் ஒன்றாய்க் கலந்துவிடும். எந்த அணுவில் எப்பொருள் இருந்தது என்று கூற இயலாது. ஆகவே அவர் மூளையை உறையச்செய்து, மெல்லிய சீவல்களாக்கி, அந்நிலையிலேயே நீரை நீக்கி உலர்த்தி, உருப்பெருக்கியின்கீழ்த் தனித்தனி நரம்பணுக்களைக் கத்தியால் வெட்டியெடுத்தார். கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில் அமைந்த அத்துணுக்குகளை நிறுக்கச் சாதாரணத் தராசு உதவாது. மயிரினும் நுண்ணிய குவார்ட்ஸ் இழையின் நுனியில் துணுக்கை வைத்து, இழை வளையும் அளவைக் கண்டு எடையைக் கணக்கிட்டார்.

அவ்வாறு நிறுத்த துணுக்கிலுள்ள இரசாயனப் பொருள்கள் நேரே அளக்க முடியாதபடி குறைந்தவை. இவ்விடர்ப்பாட்டை நீக்க, நொதிகளின் துணையால் ஒரே மூலக்கூறு மீண்டும் மீண்டும் வினையில் ஈடுபடுமாறு செய்து, விளைபொருளை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி அளக்கும் சுழற்சி முறையை அவரும், ஜானெட் பாசனோ முதலிய துணைவர்களும் 1961-இல் வெளியிட்டனர். 1964-இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, இரத்த ஓட்டம் நின்றவுடன் சுண்டெலியின் மூளையில் நிகழும் மாறுதல்களைப் படிப்படியாகக் காட்டியது. ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின் முதலில் குன்றுகிறது, குளுகோசும் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளும் விரைவில் குறைகின்றன. லாக்டிக் அமிலம் பெருகுகின்றது. இரத்த ஓட்டம் தடைப்படும்பொழுது மூளை ஏன் இத்துணை விரைவில் கேடுறுகிறது என்பதை ஆராய்வோர்க்கு இம்முடிவுகள் அடிப்படையாயின. ஆயினும் இவ்வரிய ஆராய்ச்சிகள் பெற்ற மேற்கோள்கள், புரத முறை பெற்றவற்றின் ஒரு சிறு பகுதிக்கும் எட்டவில்லை.

எண்கள் கூறுவதும் கூறாததும்

இதன் காரணம் வெளிப்படை. புரதத்தை அளக்க வேண்டிய தேவை எண்ணற்ற சோதனைச்சாலைகளில் நாள்தோறும் எழுந்தது. அங்கெல்லாம் இம்முறை கைகொடுத்தது. இந்திய நாட்டுக் கல்லூரிகளில் உயிர் இரசாயனம் பயில்வோரும் இந்நீல நிறத்தை நன்கறிவர். மூளைத் துணுக்கை வெட்டி நிறுக்கும் கைத்திறனோ மிகச் சிலர்க்கே வாய்ப்பது. எனவே, மேற்கோள்களின் எண்ணிக்கை ஒரு கட்டுரை எத்துணைப் பேருக்குப் பயன்பட்டது என்பதை ஓரளவு காட்டும். அதிலடங்கிய கருத்தின் ஆழத்தை அது காட்டாது. லௌரி இதனை நன்குணர்ந்திருந்தார். அக்கட்டுரை தம் சிறந்த ஆராய்ச்சியன்று என்பதை ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை.

வேறொரு நுட்பமும் உண்டு. பெருங்கண்டுபிடிப்புகள் காலப்போக்கில் பாடநூல்களில் புகுந்து பொது அறிவாகிவிடுகின்றன. பின்னர் எழுதுவோர் மூலக்கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. வெற்றி முழுமையடையும்பொழுது மேற்கோள் குறைவதும் உண்டு. அன்றியும், ஆராய்ச்சியாளர் பலர் உள்ள துறையில் மேற்கோள்கள் இயல்பாகவே பெருகும். கணிதம் போன்ற துறைகளில் அவை குறைவு. மறுப்பதற்காகக் காட்டப்படும் மேற்கோளும், தம் கட்டுரையைத் தாமே காட்டிக்கொள்ளும் மேற்கோளும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

இக்குறைகளுட் சிலவற்றை நீக்கும் பொருட்டு ஹிர்ஷ் என்பார் 2005-இல் 'எச்' குறியீட்டெண்ணை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபதுக்குக் குறையாத மேற்கோள்களைப் பெற்று, இருபத்தொன்றுக்கு அவ்வாறு கூற இயலாவிடின், அவருடைய எண் இருபது. இவ்வளவுகோலில் மூன்று லட்சம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்று என்றே எண்ணப்படும். மிகையான புகழைக் குறைக்க இது பயன்படும். ஆனால், அரியதொரு கட்டுரையை மட்டும் எழுதியவரைத் தாழ்த்தவும் இதுவே காரணமாகலாம்.

நம் நாட்டிலும் 2016 முதல் வெளியிடப்பட்டுவரும் தேசிய நிறுவனத் தரவரிசையில் கட்டுரைகளும் மேற்கோள்களும் இடம்பெறுகின்றன. பெரிய நிறுவனங்களின் பொதுப்போக்கை அறிய எண்கள் உதவுதல் கூடும். ஆனால் ஓர் இளம் ஆராய்ச்சியாளரின் எதிர்காலத்தை எண்ணொன்றை மட்டும் நோக்கி முடிவு செய்தல் பொருந்தாது. அவ்வாறு செய்தால், நெடுங்காலம் பொறுமையுடன் உழைக்க வேண்டிய கடினமான வினாக்களைக் கைவிட்டு, விரைவில் மேற்கோள் தேடித்தரும் பொருள்களையே இளைஞர் நாடுவர். நரம்பணுவைக் குவார்ட்ஸ் இழையில் நிறுக்க எவரும் முன்வரமாட்டார்.

அளவை முறையை வெளியிட்டபொழுதே அதன் குறைகளையும் உடன் எழுதியவர் லௌரி. மேற்கோள் எண்ணிக்கை என்னும் அளவுகோலைக் கையாள்வோரும் அவ்வழியைப் பின்பற்றுதல் தகும். எண்ணைக் குறித்துக்கொள்ளுக, அதன் எல்லையையும் குறித்துக்கொள்ளுக, அதன்பின் கட்டுரையை எடுத்துப் படித்துப் பார்க்க.