நந்தி மலைக்கு ஒரு படிவம்

படிவம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு காலத்தில் பயம். வங்கியில் படிவம் வாங்குவோம். பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவோம். "கொஞ்சம் எழுதித் தாங்க" என்று கேட்போம். இன்று நாமே படித்து நிரப்புகிறோம். இனி இன்னொரு படி ஏறுவோம். பிறர் நிரப்பும் படிவத்தை நாமே தயாரிப்போம். அதுவும் செல்போனில்!

சென்ற ஆண்டு நடந்தது

எங்கள் கற்போர் மையம் பெங்களூரில் இருக்கிறது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் அதிகம். நான் இந்த மையத்தில் தொண்டராக இருக்கிறேன். சென்ற ஆண்டு மையத்து அம்மாக்களும் பிள்ளைகளும் நந்தி மலைக்குப் போனோம். பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம். மலையின் உயரம் 1,478 மீட்டர். விடியற்காலையில் பனிமூட்டம் சூழ்ந்திருக்கும். நல்ல குளிர் அடிக்கும்.

ஒரு நோட்டில் பெயர் எழுதினோம். பணம் கொடுத்தாரா என்று எழுதினோம். அவ்வளவுதான்.

மலைமேல் ஒரு சிறுமிக்கு மூச்சு இரைத்தது. அவளுக்கு வீசிங் உண்டு. அது எங்களுக்குத் தெரியாது. இழுக்கும் மருந்து வீட்டில் இருந்தது. அவள் அம்மா அன்று வரவில்லை. வேலைக்குப் போயிருந்தார். அவருடைய போன் எண்ணும் எங்களிடம் இல்லை. பதறிப்போனோம். வண்டி பிடித்துக் கீழே கொண்டு வந்தோம். மருத்துவரிடம் காட்டினோம். பிள்ளை தேறினாள்.

தவறு யாருடையது? எங்களுடையதுதான். நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இந்த ஆண்டு படிவம் தயாரித்தோம்.

என்ன கேட்க வேண்டும்?

போனைப் பிறகு எடுக்கலாம். முதலில் கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் பார்த்து, "இது எதற்கு?" என்று யோசியுங்கள். காரணம் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் அடித்துவிடுங்கள்.

எங்கள் கேள்விகள் இவை:

1. வருபவர் பெயர் என்ன?
2. வயது என்ன?
3. அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும்?
4. அவருடைய போன் எண் என்ன?
5. மூச்சிரைப்பு, வலிப்பு, சர்க்கரை, இதய நோய் இவற்றில் ஏதாவது உண்டா?
6. என்ன மருந்து எடுக்கிறார்?
7. ஒத்துக்கொள்ளாத உணவு, மருந்து உண்டா?
8. படி ஏற முடியுமா?
9. 18 வயது நிறையாதவர் என்றால், பெற்றோர் சம்மதிக்கிறீர்களா?

மூன்றாம் கேள்வியைக் கவனியுங்கள். வருபவரின் எண் மட்டும் போதாது. அவர் நம்முடன்தானே இருப்பார்! வீட்டில் இருப்பவரின் எண் வேண்டும்.

ஆதார் எண் கேட்காதீர்கள். வங்கிக் கணக்கு எண் கேட்காதீர்கள். மலை ஏற அவை எதற்கு? 2023இல் நம் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 18 வயது நிறையாதவரின் விவரம் பெற, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது.

போனில் தயாரிப்பது எப்படி?

இதற்குப் பல வழிகள் உண்டு. நாங்கள் கூகுள் ஃபார்ம்ஸ் பயன்படுத்தினோம். அதற்குப் பணம் கட்ட வேண்டாம். ஜிமெயில் கணக்கும் இணைய வசதியும் இருந்தால் போதும்.

போனில் குரோமைத் திறந்து, கூகுள் ஃபார்ம்ஸ் என்று தேடுங்கள். உள்ளே போய்க் கூட்டல் குறியைத் தொடுங்கள். வெற்றுப் படிவம் வரும். மேலே தலைப்பு எழுதுங்கள். அதன் கீழே புறப்படும் நாள், நேரம், இடம் எழுதுங்கள்.

பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். விடை எப்படி வர வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். பெயருக்கு ஒரு வரி விடை போதும். "படி ஏற முடியுமா?" என்பதற்கு "முடியும்", "முடியாது" என்று இரண்டு விடை கொடுங்கள். ஒன்றைத் தொட்டால் போதும். நோய்க் கேள்விக்குப் பல கட்டங்கள் வையுங்கள். ஒருவருக்கு இரண்டு நோய் இருக்கலாம் அல்லவா? "எதுவும் இல்லை" என்ற கட்டமும் வேண்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் அந்தக் கேள்வி கட்டாயம் ஆகிவிடும். விடை சொல்லாமல் படிவத்தை அனுப்ப முடியாது. வீட்டு போன் எண்ணையும் நோய்க் கேள்வியையும் கட்டாயம் ஆக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் படிவத்தை வெளியிடும் பொத்தானைத் தொடுங்கள். நிரப்புவோருக்கான லிங்க் கிடைக்கும். முதலில் நீங்களே நிரப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத கேள்வியை மாற்றி எழுதுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

போன் இல்லாதவர் இருப்பார். அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் நிரப்புங்கள். படிவத்துக்குப் பயந்து ஒருவரும் பின்தங்கக் கூடாது.

விடைகள் வந்த பிறகு

விடைகள் எல்லாம் உங்கள் கணக்கில் சேரும். அவற்றைப் பொறுமையாகப் படியுங்கள். படிக்காவிட்டால் கேட்டதில் பயன் இல்லை. ஒருவருடைய நோய் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அழைத்துப் போகும் பொறுப்பாளருக்கு மட்டும் சொல்லுங்கள். மலைமேல் சிக்னல் கிடைக்காமல் போகலாம். முக்கிய விவரங்களைத் தாளில் எழுதிக் கையில் வையுங்கள். பயணம் முடிந்ததும் விடைகளை அழித்துவிடுங்கள்.

இந்த ஆண்டும் அந்தச் சிறுமி வந்தாள். படிவத்தை அவள் அம்மாவே நிரப்பினார். எங்கள் மையத்தில் எழுதக் கற்றவர் அவர். வீசிங் என்ற கட்டம் அதில் இல்லை. மூச்சிரைப்பு என்ற கட்டத்தைப் படித்துத் தொட்டார். மருந்து எங்கள் பையில் வந்தது. அது தேவைப்படவில்லை. அவள் மலையெல்லாம் சுற்றினாள்.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடக்கலாம். சைக்கிள் பயணம் போகலாம். ஆற்றங்கரைக்குப் போகலாம். ஆற்றங்கரை என்றால் "நீச்சல் தெரியுமா?" என்று கேட்க வேண்டாமா? இடம் மாறினால் கேள்வியும் மாறும். ஒரு பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கான ஐந்து கேள்விகளை உங்கள் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதற்கு என்று எழுதுங்கள்.