ஐக்கிய இராச்சியத்தில் வங்கிக் கட்டண மீட்பு

ஐக்கிய இராச்சியத்தில் வங்கிக் கட்டண மீட்பு என்பது, நடைமுறைக் கணக்கில் போதிய பணம் இல்லாதபோது வங்கிகள் பிடித்துக்கொண்ட கட்டணங்கள் நியாயமற்றவை எனக் கூறி, வாடிக்கையாளர்கள் அவற்றை முறையீட்டின் மூலமும் சிறு கோரிக்கை வழக்கின் மூலமும் திரும்பப் பெற்ற நடவடிக்கையைக் குறிக்கும். 2005 ஆம் ஆண்டளவில் பரவத் தொடங்கிய இது, 2006, 2007 ஆம் ஆண்டுகளில் உச்சத்தை அடைந்தது. பல இலட்சம் பேர், பெரும்பாலும் வழக்கறிஞர் துணையின்றி, ஒரு கடிதத்தையும் ஒரு கட்டணப் பட்டியலையும் கொண்டே வங்கிகளிடம் பணம் கோரினர். 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டது. எனினும் அக்கட்டணங்கள் நியாயமானவை என்று அத்தீர்ப்பு கூறவில்லை. 2020 இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை விதிகளே அக்கட்டண முறையை நீக்கின.

கட்டணங்களின் தன்மை

பிரித்தானிய வங்கிகளின் பெரும்பாலான நடைமுறைக் கணக்குகளுக்கு மாதக் கட்டணம் கிடையாது. கணக்கில் பணம் இருக்கும்வரை காசோலை, பண அட்டை, பணப் பரிமாற்றம் ஆகிய சேவைகள் இலவசமாகவே கிடைக்கும். வங்கிகள் தம் வருவாயின் பெரும்பகுதியை இரு வழிகளில் ஈட்டின. ஒன்று, வாடிக்கையாளர் விட்டுவைத்த இருப்பைக் கொண்டு பெறும் வட்டி. மற்றொன்று, இருப்புக் குறையும்போது விதிக்கும் கட்டணம். வழக்குகளுக்கு உள்ளான கட்டணங்கள் பின்வரும் வேளைகளில் விதிக்கப்பட்டன:

* போதிய பணம் இல்லாததால் காசோலையோ நேரடிப் பற்றோ செலுத்தப்படாமல் திருப்பப்படும்போது
* பணம் இல்லாத நிலையிலும் வங்கி அதைச் செலுத்திவிடும்போது
* முன் அனுமதியின்றி வாடிக்கையாளர் மிகைப்பற்றுக்குள் செல்லும்போது, அல்லது அனுமதித்த வரம்பை மீறும்போது

ஓவர்டிராப்ட் எனப் பரவலாக அறியப்படும் மிகைப்பற்று, கணக்கில் உள்ளதைவிடக் கூடுதலாகப் பணம் எடுப்பதாகும். 2006 அளவில் ஒரு நிகழ்வுக்கான கட்டணம் பல வங்கிகளில் 30 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. குறைபட்ட தொகை எவ்வளவு சிறியதாயினும் கட்டணம் மாறாது. எடுத்துக்காட்டாக, 15 பவுண்டு தொலைபேசிக் கட்டணத்தைச் செலுத்தக் கணக்கில் 10 பவுண்டு மட்டுமே இருந்தால், 5 பவுண்டுப் பற்றாக்குறைக்கு 35 பவுண்டு பிடிக்கப்படலாம். அந்த 35 பவுண்டே கணக்கை எதிர்மறை இருப்புக்குத் தள்ளி, அடுத்து வரும் வாடகைத் தவணையையும் திருப்பச் செய்து, இரண்டாவது கட்டணத்துக்கு வழிவகுக்கும். இவ்வாறு கட்டணமே கட்டணத்தைப் பெருக்கும் சுழற்சி, குறைந்த வருவாய் உள்ளோரையே மிகுதியாகத் தாக்கியது.

நேர்மை வணிக அலுவலகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வின்படி, போதிய பணமின்மைக்கான கட்டணங்களால் வங்கிகள் 2006 இல் ஏறத்தாழ 2.6 பில்லியன் பவுண்டு ஈட்டின. இது நடைமுறைக் கணக்குகளால் கிடைத்த மொத்த வருவாயில் சுமார் 30 விழுக்காடு ஆகும்.

சட்ட அடிப்படை

வாடிக்கையாளர்கள் இரு வாதங்களை முன்வைத்தனர்.

முதலாவது, தண்டத் தொகை பற்றிய பொதுச் சட்டக் கோட்பாடு. ஒப்பந்தத்தை மீறுபவரிடம் உண்மையான இழப்புக்கு ஈடான தொகையைப் பெறலாம். அச்சுறுத்துவதற்காக மிகையாக வைக்கப்பட்ட தொகையைப் பெற முடியாது. 1915 இல் தீர்ப்பளிக்கப்பட்ட டன்லப் வழக்கு இக்கோட்பாட்டின் அடிப்படையாக விளங்கியது. கணினி தானாக அச்சிடும் ஒரு கடிதத்தால் வங்கிக்கு 30 பவுண்டு இழப்பு ஏற்படாது என்பது வாடிக்கையாளர் தரப்பின் வாதம்.

இரண்டாவது, 1999 ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற விதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள். இவை 1993 ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறியாணை ஒன்றை நடைமுறைப்படுத்த இயற்றப்பட்டவை. தனித்தனியே பேசி முடிவு செய்யப்படாத ஒரு விதி, நன்னம்பிக்கைக்கு மாறாக நுகர்வோருக்குப் பாதகமான பெரும் சமனின்மையை உண்டாக்கினால், அது நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு விதி தெளிவான, புரியும் மொழியில் எழுதப்பட்டிருந்தால், கொடுக்கும் விலை பெறும் சேவைக்குத் தகுமா என்ற அடிப்படையில் அதன் நியாயத்தை ஆராய முடியாது. பின்னாளில் முழு வழக்கும் இந்த விலக்கையே மையமாகக் கொண்டது.

2006 ஏப்ரலில் நேர்மை வணிக அலுவலகம், கடன் அட்டைத் தவணை தவறுகைக்கான கட்டணம் 12 பவுண்டுக்கு மேல் இருந்தால் அதை நியாயமற்றதாகக் கருதப்போவதாக அறிவித்தது. கடன் அட்டை நிறுவனங்கள் பல தம் கட்டணத்தை 12 பவுண்டாகக் குறைத்தன. அட்டைக்குப் பொருந்தும் நியாயம் நடைமுறைக் கணக்குக்கு ஏன் பொருந்தாது என்ற கேள்வி இதன்பின் வலுப்பெற்றது.

மீட்பு நடைமுறை

2006, 2007 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பின்பற்றப்பட்ட படிநிலைகள் பின்வருமாறு:

1. விவரம் திரட்டல்: 1998 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 பவுண்டுக்கு மேற்படாத கட்டணத்தைச் செலுத்திப் பழைய கணக்கு விவரங்களைக் கேட்கலாம். வங்கி 40 நாட்களுக்குள் தர வேண்டும்.
2. பட்டியலிடல்: 1980 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தம் சார்ந்த கோரிக்கைகளுக்குப் பொதுவாக ஆறு ஆண்டு வரம்பு உண்டு. எனவே கடந்த ஆறு ஆண்டுக் கட்டணங்கள் நாள், தொகை, காரணம் ஆகியவற்றுடன் பட்டியலிடப்பட்டன.
3. முதற் கடிதம்: கட்டணங்களைத் திருப்பித் தருமாறு காலக்கெடு குறிப்பிட்டு வங்கிக்கு எழுதப்பட்டது.
4. இறுதிக் கடிதம்: பணம் தராவிடில் வழக்குத் தொடரப்படும் என்ற அறிவிப்பு.
5. வழக்கு: கவுண்டி நீதிமன்றத்தில் நேரிலோ, இணையவழிப் பணக் கோரிக்கைச் சேவையின் மூலமோ வழக்குப் பதியப்பட்டது.

கோரிக்கைத் தொகையுடன், 1984 ஆம் ஆண்டின் கவுண்டி நீதிமன்றங்கள் சட்டத்தின் 69 ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டியும் கேட்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பிடிக்கப்பட்ட 35 பவுண்டுக்கு இவ்வட்டி 8.40 பவுண்டு ஆகும். இதை அளிப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது.

சிறு கோரிக்கை முறையின் வரம்பு அக்காலத்தில் 5,000 பவுண்டாக இருந்தது. இம்முறையில் தோற்றவர் வென்றவரின் வழக்கறிஞர் செலவைப் பொதுவாகச் செலுத்த வேண்டியதில்லை. நியாயமற்ற முறையில் நடந்துகொண்டால் மட்டுமே அப்பொறுப்பு எழும். தோற்றாலும் பெரிதாக இழப்பதற்கில்லை என்ற இந்த அமைப்பே எளிய மனிதர்களையும் வழக்காடத் துணியச் செய்தது. மறுபுறம், வழக்கறிஞரை அனுப்பி வென்றாலும் வங்கிக்கு அச்செலவு திரும்பக் கிடைக்காது.

வழக்குத் தொடர விரும்பாதோர் நிதிக் குறைதீர்ப்பாளர் சேவையை இலவசமாக அணுகினர்.

வங்கிகளின் எதிர்வினை

வங்கிகள் தொடக்கத்தில் மறுப்புக் கடிதம் அனுப்பின. பின்னர் ஒரு பகுதியைத் தர முன்வந்தன. விசாரணை நாள் நெருங்கியபோது பெரும்பாலும் முழுத் தொகையையும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. இவை பொறுப்பை ஏற்காத நல்லெண்ணக் கொடுப்பனவுகள் என வங்கிகள் குறிப்பிட்டன. இதனால் பல கோடி பவுண்டு வாடிக்கையாளர்களிடம் திரும்பியபோதும், கட்டணங்கள் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி தீர்ப்பின்றியே நின்றது. பணம் பெற்ற சிலரின் கணக்குகளை வங்கிகள் மூடியதும் உண்டு.

2007 மே மாதத்தில் பர்மிங்காம் கவுண்டி நீதிமன்றம் ஒரு வழக்கில் லாயிட்சு டி.எசு.பி வங்கிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால் கோரிக்கைகள் தொடர்ந்தன.

சோதனை வழக்கு

ஆயிரக்கணக்கான தனி வழக்குகளுக்கு மாற்றாக ஒரே வழக்கில் முடிவு காண, 2007 சூலையில் நேர்மை வணிக அலுவலகமும் எட்டு நிறுவனங்களும் உடன்பட்டன. அபே நேசனல், பார்க்லேசு, கிளைடெசுடேல், எச்.பி.ஓ.எசு, எச்.எசு.பி.சி, லாயிட்சு டி.எசு.பி, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஆகிய வங்கிகளும், நேசன்வைடு கட்டடச் சங்கமுமே அவை. அப்போதைய நிதிச் சேவைகள் ஆணையம், இத்தகைய முறையீடுகளை உரிய காலத்துக்குள் தீர்க்க வேண்டிய கடமையிலிருந்து வங்கிகளுக்குத் தற்காலிக விலக்கு அளித்தது. நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளும் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்டன. மீட்பு நடவடிக்கை நடைமுறையில் அன்றே நின்றுபோனது.

* 2008 ஏப்ரல் 24: கட்டணங்கள் தண்டத் தொகை அல்ல, ஆனால் 1999 ஒழுங்குவிதிகளின்படி அவற்றின் நியாயத்தை ஆராயலாம் என உயர் நீதிமன்றம் கூறியது.
* 2009 பெப்ரவரி 26: மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கிகளின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.
* 2009 நவம்பர் 25: உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இம்முடிவை மாற்றினர்.
* 2009 திசம்பர் 22: நேர்மை வணிக அலுவலகம் தன் விசாரணையைக் கைவிடுவதாக அறிவித்தது.

தீர்ப்பின் பொருள்

நடைமுறைக் கணக்கு என்பது பல சேவைகள் சேர்ந்த ஒரு தொகுப்பு; மிகைப்பற்றுக் கட்டணங்கள் அத்தொகுப்புக்குக் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி என்பது உச்ச நீதிமன்றத்தின் முடிவாகும். விலையாகிவிட்டதால், சேவைக்கு அது மிகையா என்ற கேள்வியை ஒழுங்குவிதிகளைக் கொண்டு எழுப்ப இயலாது.

இத்தீர்ப்பு பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. கட்டணங்கள் நியாயமானவையா என்பது நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியே அன்று. குறிப்பிட்ட அடிப்படையில் அதை ஆராயும் அதிகாரம் உண்டா என்பது மட்டுமே கேட்கப்பட்டது. விலையின் அளவு தவிர்ந்த பிற அடிப்படைகளில் இவ்விதிகளை எதிர்க்க இடமுண்டு என்பதையும் தீர்ப்பு மறுக்கவில்லை. அத்தகைய அடிப்படைகளில் சிலர் முயன்றனர். ஆயினும் 2006 இல் இருந்ததுபோல் வங்கிகள் தாமாகப் பணம் தரும் நிலை மீண்டும் வரவில்லை.

இலவச வங்கிச் சேவையின் செலவை யார் சுமக்கிறார் என்பதும் வழக்கில் வெளிப்பட்டது. இருப்பை எப்போதும் பேணுவோர் இலவசமாகப் பெற்ற சேவையின் செலவில் ஒரு பகுதியை, மாதக் கடைசியில் கையிருப்புக் கரைந்தவர்களே செலுத்தி வந்தனர்.

பிற்கால மாற்றங்கள்

1999 ஒழுங்குவிதிகளின் இடத்தில் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் வந்தது. இச்சட்டப்படி, விலை பற்றிய விதி தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. நுகர்வோரின் கண்ணில் படும்படி முதன்மையாகக் காட்டப்பட்டிருந்தால்தான் விலக்குக் கிடைக்கும். தண்டத் தொகைக் கோட்பாட்டையும் உச்ச நீதிமன்றம் 2015 இல் திருத்தியமைத்தது. இழப்பின் மதிப்பீடு மட்டுமன்றி, விதியைக் காப்பதில் உள்ள முறையான நலனும் இப்போது கருதப்படுகிறது.

நிதி நடத்தை ஆணையத்தின் ஆய்வில், அனுமதியற்ற மிகைப்பற்றுக் கட்டணங்களில் பாதிக்கு மேல் 1.5 விழுக்காடு வாடிக்கையாளர்களிடமிருந்தே 2016 இல் பெறப்பட்டது தெரியவந்தது. அவ்வாணையம் 2019 சூனில் அறிவித்த விதிகள் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தன. மிகைப்பற்றுக்கு நாள் கட்டணமோ மாதக் கட்டணமோ விதிக்க முடியாது. ஆண்டு வட்டி வீதமாக மட்டுமே விலை குறிக்க வேண்டும். அனுமதியற்ற மிகைப்பற்றுக்கு அனுமதி பெற்றதைவிடக் கூடுதல் வட்டி கூடாது. செலுத்த மறுத்த தொகைக்கான கட்டணம் வங்கியின் செலவை ஒட்டியே இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் நீதிமன்றத்தில் பெற முயன்று இழந்த கொள்கையின் பெரும்பகுதி இவ்வாறு விதியாக வந்தது. அதேவேளை, பல பெரிய வங்கிகள் வட்டியை ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு உயர்த்தியதால், அனுமதி பெற்று மிகைப்பற்றைப் பயன்படுத்திய சிலருக்குச் செலவு கூடியது.

இன்றைய முறையீட்டு வழி

வங்கி தவறாகக் கட்டணம் பிடித்தாலோ, பணநெருக்கடியில் இருப்பதை அறிந்தும் தொடர்ந்து கட்டணமோ வட்டியோ ஏற்றினாலோ இன்றும் முறையிடலாம். நெருக்கடியில் உள்ள வாடிக்கையாளரை வங்கி பரிவுடன் நடத்த வேண்டும் என ஒழுங்குமுறை விதிகள் கோருகின்றன. பழைய விவரங்களைக் கேட்பது 2018 முதல் பொதுவாக இலவசம். ஒரு மாதத்துக்குள் பதில் தரப்பட வேண்டும்.

வங்கிக்குப் பொதுவாக எட்டு வாரம் அவகாசம் உண்டு. அதற்குள் தீராவிட்டாலோ, இறுதிப் பதில் நிறைவளிக்காவிட்டாலோ குறைதீர்ப்பாளரை அணுகலாம். இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். குறைதீர்ப்பாளரின் இறுதி முடிவை முறையிட்டவர் ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம். எனவே கட்டணமற்ற இவ்வழியை முதலில் நாடுவதே பொதுவாக உகந்தது.

இங்கிலாந்து, வேல்சில் சிறு கோரிக்கை வரம்பு 2013 இல் 10,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. 2024 மே முதல் இத்தகைய பணக் கோரிக்கைகளில் இலவசத் தொலைபேசிச் சமரசப் பேச்சு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி நீதிமன்ற முறைகள் உண்டு. ஸ்காட்லாந்தில் காலவரம்பு பொதுவாக ஐந்து ஆண்டுகளே.

பெறும் தொகையில் ஒரு பங்கை ஊதியமாகக் கொண்டு முறையீடு செய்து தரும் கோரிக்கை மேலாண்மை நிறுவனங்களும் உள்ளன. மேற்கண்ட படிநிலைகள் எதற்கும் அவற்றின் துணை கட்டாயமில்லை.