கொல்லையிலே கீரை, கூடத்திலே குடும்பம்



நெல்லுக்கு எத்தனை மூட்டை உரம், பருத்திக்கு எத்தனை தடவை மருந்து என்றெல்லாம் நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்றைக்கு ரொம்பச் சின்ன நிலத்தைப் பற்றிப் பேசலாம். வீட்டுக்குப் பின்னாலே சும்மா கிடக்கிற இரண்டு சென்ட் நிலம். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லை என்பார்கள். கொங்கு நாட்டிலே பொடக்காலி என்பார்கள். நெல்லைச் சீமையிலே புறவாசல் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன? துவைக்கிற கல்லும், சாம்பல் குவியலும், ஒரு முருங்கை மரமும் இருக்கிற இடம். அந்த இடத்திலே என்ன விளைகிறது, அது யார் தட்டிலே போய்ச் சேருகிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

பயிர் வைக்கிறவர் வீட்டுக்குக் காய்கறி எங்கிருந்து வருகிறது? பல ஊர்களிலே கடையிலிருந்துதான் வருகிறது. கத்தரியும் வெண்டையும் போடுகிற ஊரிலேகூட, விடியற்காலையிலே பறித்த நல்ல காய் ஒட்டன்சத்திரம் மாதிரிப் பெரிய மார்க்கெட்டுக்கு வண்டி ஏறிவிடுகிறது. அங்கிருந்து கேரளத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் போகிறது. நம் ஊர்க் கடைக்கு வருவதற்குள் காய் வாடிப்போகிறது. அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். விற்பதைக் குறை சொல்லவில்லை. விற்றால்தான் கடன் அடையும், பிள்ளைகள் படிக்கும். ஆனால் வீட்டுச் சட்டிக்கென்று தனியாக ஒரு துண்டு நிலம் வேண்டாமா என்பதுதான் கேள்வி.

யாருக்கு அதிகம் தேவை?

2019-21-லே எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு விஷயத்தைச் சொல்கிறது. நம் நாட்டிலே 15 வயது முதல் 49 வயது வரை உள்ள ஆண்களிலே நூற்றுக்கு 25 பேருக்கு இரத்தச்சோகை. அதே வயதுப் பெண்களிலே நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை. தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்களிலே நூற்றுக்கு 53 பேர். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சட்டி. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மாதவிலக்கினாலும் பிரசவத்தினாலும் பெண்கள் உடம்பிலிருந்து இரத்தம் போகிறது. அதனாலே இரும்புச் சத்து அவர்களுக்குக் கூடுதலாக வேண்டும். ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-லே கணக்குச் சொல்லியிருக்கிறது. இனி நம் வீட்டுப் பழக்கத்தைப் பாருங்கள். முதலிலே ஆண்கள் சாப்பிடுகிறோம். அப்புறம் பிள்ளைகள். கடைசியிலே சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் சமைத்தவள். கீரை தீர்ந்திருக்கும், சாம்பாரிலே தண்ணீர்தான் இருக்கும். "எனக்கு மோர் ஊற்றிக்கிட்டாப் போதும்" என்பாள். எவளுக்கு அதிகம் வேண்டுமோ அவள் பங்குதான் குறைகிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல் என்று அவள் சொன்னால், "வேலை அதிகம், அதுதான்" என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே, கொல்லையிலே தோட்டம் போட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. விளைந்தது எல்லாருடைய தட்டுக்கும் போக வேண்டும். அதற்கு எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

எதை எங்கே வைப்பது?

பாத்தி கட்டுவதற்கு முன்னாலே வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள்: "ஒரு வாரத்துக்கு என்னென்ன சமைக்கிறே?" அவர் சொல்கிற பட்டியல்தான் உங்கள் விதைப் பட்டியல். வீட்டிலே யாரும் தொடாத காயை வளர்த்து என்ன பயன்?

மரங்களை வடக்கு ஓரமாக வையுங்கள். நடுவிலே வைத்தால் நிழல் விழுந்து கீரை வெளிறிப்போகும். ஒரு முருங்கை கட்டாயம் வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-லே வெளியிட்ட பி.கே.எம்.1 விதை போட்டு வளர்க்கிற செடிமுருங்கை. ஆறு மாதத்திலே காய்க்கு வந்துவிடும். ஒரு பருவம் காய்த்து முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். மரம் தாழ இருப்பதாலே பாட்டிகூட நின்றபடியே கீரை ஒடிக்கலாம். பப்பாளி வைக்கிறவர்கள் கோ.3 அல்லது கோ.7 ரகம் வாங்கினால், ஆண் மரம் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளுமோ என்ற கவலை கிடையாது. ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை. எலுமிச்சை எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேலியைச் சும்மா விடாதீர்கள். அவரை, பாகல், பீர்க்கு, புடல் எல்லாம் ஏறிக்கொள்ளும். கொடி அவரையை ஆடியிலே ஊன்றினால், பகல் குறுகுகிற மார்கழி, தையிலே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். எருக்குழி ஓரத்திலே நாலு பரங்கி விதை போட்டு வையுங்கள். பொங்கல் கூட்டுக்கு அவரையும் பரங்கியும் சொந்தக் கொல்லையிலிருந்தே வரும். நன்றாக முற்றிய பரங்கியைக் காம்போடு அறுத்துக் காற்றாட வைத்தால் சில மாதம் கெடாது.

கீரைக்கு, பத்தடி நீளம் மூன்றடி அகலத்திலே இரண்டு பாத்தி போதும். அரைக்கீரையிலே கோ.3 கிள்ளி எடுப்பதற்கு ஏற்ற ரகம். விதை பொடியாக இருக்கும். மணலோடு கலந்து தூவுங்கள். இருபதாம் நாளிலிருந்து கிள்ளலாம். எரு போட்டுத் தண்ணீர் காட்டிப் பார்த்துக்கொண்டால் பத்துத் தடவை வரை கிள்ளலாம், ஒரு தடவைக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாது. இரண்டு பாத்தியையும் பதினைந்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால் கீரைக்குப் பஞ்சமே வராது.

தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் நேரே கீரைக்கு ஊற்றலாம். பாத்திரம் துலக்கிய நீரிலும் குளித்த நீரிலும் சோப்பு இருக்கும். அதைக் கீரைமேலே விடக்கூடாது. ஒரு சின்னக் குழி வெட்டி, அடியிலே சரளைக்கல், மேலே மணல் போட்டு, அதன் வழியாக வடியவிட்டு வாழைக்கும் கல்வாழைக்கும் பாய விடுங்கள். சாக்கடை தேங்காது, கொசுவும் குறையும்.

பூச்சி வராதா? வரும். அவரையிலே அசுவினி கண்டால் காலைப் பனி ஈரத்திலே அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். புழு விழுந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையிலே தெளியுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வயலுக்கு அடித்த மருந்திலே மிச்சம் இருக்கிறதே என்று கொல்லைக் கீரைக்கு அடித்துவிடாதீர்கள். நாளை மறுநாள் அதைச் சாப்பிடப் போவது உங்கள் பிள்ளை.

சட்டியிலே கவனிக்க வேண்டியது

பறித்த கீரையை முதலிலே கழுவுங்கள், அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரிலே போட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். கொஞ்சமாகத் தண்ணீர் வைத்துச் சீக்கிரம் வேகவைத்து இறக்குங்கள். வெந்த நீர் மிஞ்சினால் கொட்டாமல் ரசத்திலே சேருங்கள். கீரையிலே ஏ வைட்டமினாக மாறுகிற சத்து இருக்கிறது. அது உடம்பிலே சேர எண்ணெய்ப் பசை வேண்டும். ஆகையாலே ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்த் துருவலோ சேர்த்துத் தாளியுங்கள்.

இப்போது எலுமிச்சைக்கு வருவோம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு லேசிலே ஏற்றுக்கொள்ளாது. புளிப்பான எலுமிச்சை, நெல்லிக்காய் இவற்றிலே உள்ள சி வைட்டமின் அதற்குக் கை கொடுக்கும். கீரைப் பொரியலை இறக்கி வைத்த பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். டீயும் காப்பியும் இதற்கு நேர்மாறு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்து சேருவதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, குழைந்த சோற்றிலே பருப்பும் மசித்த கீரையும் துளி நெய்யும் சேர்த்து ஊட்டலாம். இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலே கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை, கீரைதான் சாப்பிடுகிறோமே என்று நிறுத்திவிடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

ஒரு வேளையாவது சேர்ந்து

காலையிலே ஆளுக்கொரு நேரம். ஒருவர் தண்ணீர் பாய்ச்சப் போவார், ஒருவர் கூலி வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. மத்தியானமும் அப்படித்தான். ஆனால் இராத்திரிச் சாப்பாடு நம் கையிலே இருக்கிறது. ஒரு பாயை விரித்து, சட்டி பானையை நடுவிலே வைத்து, சமைத்தவளையும் உட்காரச் சொல்லுங்கள். அவரவர் பரிமாறிக்கொள்ளட்டும். எல்லாரும் ஒரே நேரத்திலே உட்கார்ந்தால், கீரை எவ்வளவு இருக்கிறது, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பது கண்ணிலே படும். புத்திமதி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தட்டிலே ஒன்றும் இல்லை என்று பிள்ளையே பார்த்துச் சொல்லும்.

அந்த நேரத்திலே டெலிவிஷனையும் செல்போனையும் சற்றே ஓரம் வையுங்கள். பேச விஷயமா இல்லை? "இந்தக் கத்தரி நான் தண்ணீர் ஊத்தினது" என்று சின்னவள் சொல்லுவாள். "விதையைச் சாம்பலிலே புரட்டிக் கலயத்திலே போட்டு வச்சேன், ஒண்ணுகூட வண்டு விழல்லே" என்று பாட்டி சொல்லுவாள். பாட்டிக்குத் தெரிந்த அந்த விஷயத்தை இப்போது கேட்டுக்கொண்டால் உண்டு. அவள் காலத்துக்குப் பிறகு கேட்க முடியாது. எந்த அவரை எந்த மாதம் ஊன்றுவது, எந்தக் கீரையை யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் பல வீட்டிலே சோற்றுப் பேச்சாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சேர்ந்து சாப்பிடுவது நின்றால் அந்தப் பேச்சும் நின்றுபோகும்.

வேலையையும் இப்படியே பங்கு போடுங்கள். பந்தலும் வேலியும் ஆண்கள் வேலை. தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள். விதை காப்பது பெரியவர்கள். தோட்டமும் அவள் தலையிலேயே விழுந்தால், கொல்லை அவளுக்கு இன்னொரு சுமையாகப் போய்விடும். கீரையை ஆய்ந்து கொடுக்க ஆண்பிள்ளைக்கும் இரண்டு கை இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் திண்ணையிலே ஐந்து நிமிஷம் உட்காருங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் வெற்றாகத்தானே இருக்கிறது? அதிலே மூன்று வரி எழுதச் சொல்லுங்கள், எழுதத் தெரிந்த பிள்ளையை. இன்றைக்குக் கொல்லையிலே என்ன பறித்தோம். என்ன சமைத்தோம். யார் யார் சாப்பிட்டார்கள். தாள்களை ஒரு கம்பியிலே குத்தி வையுங்கள். ஒரு வருஷம் ஆனபின் எடுத்துப் பார்த்தால், எந்த மாதம் கீரை இல்லாமல் திண்டாடினோம், எந்த மாதம் கத்தரிக்காய் மிஞ்சிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம் என்று தெரியும். அடுத்த வருஷத்துப் பாத்தியை அதை வைத்துத் திட்டம் போடலாம். எந்த நாளிலே எல்லாரும் வயிறார, சிரிக்கச் சிரிக்கச் சாப்பிட்டோம் என்பதும் அதிலே இருக்கும். அந்தக் கணக்கு எந்த வங்கிப் புத்தகத்திலும் கிடையாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு மட்டும் சொன்னதாக நினைக்க வேண்டாம். ஆடி வரட்டும் என்று கீரைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீர் இருந்தால் எந்த மாதமும் கீரை வரும். இன்றைக்கு இராத்திரி எல்லாரும் உட்கார்ந்து, அடுத்த மாதம் என்ன சமைக்கலாம் என்று பேசி முடிவு செய்யுங்கள். நாளைக் காலையிலே மண்வெட்டியை எடுங்கள். இருபதாம் நாள் முதல் கீரையைக் கிள்ளும்போது, முதல் பங்கை அதைச் சமைத்தவள் தட்டிலே வையுங்கள்.

(வானொலிப் பண்ணை உரை)