சேவல் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பாரோய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிரம்பானுக்குக் குடிபெயர்ந்த வீடுகளில், பாட்டியின் தகர டப்பாவில் கறுத்த செப்புக்காசு ஒன்று கிடந்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் சேவலும் ஜாவி எழுத்தும் இருந்தால், அது எந்த அரசும் வெளியிட்ட காசு அல்ல. வியாபாரிகள் அடித்த காசு. மலாய்க்காரர்கள் 'டுவிட் ஆயாம்' என்பார்கள்.

1830களில் சிங்கப்பூர் வியாபாரிகள் இவற்றை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்து, கப்பலில் வரவழைத்து, மலாய்த் தீபகற்பத்திலும் சுமாத்திராவிலும் சில்லறையாகப் புழங்கவிட்டார்கள். சேவலுக்கு மேலே 'தானா மெலாயு', அதாவது மலாய் நாடு. பின்பக்கம் 'சாத்து கெப்பிங்' என்று மதிப்பும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். 1247 என்றால் 1831-32. சிலவற்றில் 1411 என்று இருக்கும்; அது நம் கணக்கில் 1990-91! அது உண்மையான ஆண்டு அல்ல, காசு பழையதுதான். சேவலுக்குப் பதிலாக ஊர்ப்பெயர் பொறித்தவையும் உண்டு. 'மினாங்கபாவ்' என்று பொறித்தது கிடைத்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் பூர்வீகம் அல்லவா?

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவிலும் வியாபாரிகளே காசு அடித்தார்கள். 1837 நிதி நெருக்கடியில் வங்கிகள் வெள்ளி தர மறுக்க, சில்லறை மறைந்தது. கடைக்காரர்கள் சென்ட் அளவில் செப்புக்காசு அடித்து, அதிலேயே கடை விளம்பரமும் போட்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் மறுபடியும் அடித்தார்கள். 1864இல் சட்டம் தடுத்தது.

நம் காசுக்கு வருவோம். பழசு என்பதாலேயே விலை கூடிவிடாது. சேவல் காசுகள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. எழுத்து தெளிவாக இருக்கிறதா, அந்த ஊர்ப்பெயரும் ஆண்டும் அரிதா என்பதே கேள்வி. ஜாவி தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரிடம் காட்டுங்கள். மேற்பரப்பில் சிறு குழிகளும் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடும் தெரிந்தால், அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம்.

பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். செம்பின் மேல் 190 ஆண்டுகளாகப் படிந்த கருமை ஒரே நிமிடத்தில் போய்விடும், திரும்பி வராது. சேகரிப்பவர் அந்தச் செந்நிறத்தைப் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிடுவார். மெல்லிய பிவிசி உறையும் ஆகாது. நம் வெக்கையில் அது கசிந்து காசில் பச்சை பிடிக்கும். விளிம்பைப் பிடித்து எடுத்து, காகித உறையில் போட்டு, எந்தத் தோட்டம், யார் வைத்திருந்தது என்று உறைமேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.