குழந்தை குறுக்கே கிடந்தால்...

பைக்காரா என்றதும் நம்மில் பலருக்குப் படகுத் துறையும் அருவியும் நினைவுக்கு வரும். மூத்தவர்கள் 1932இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தைச் சொல்வார்கள். அங்கு வாழும் நிறைமாதக் கர்ப்பிணிக்கோ பைக்காரா என்பது ஒரு தூரம். ஒரு பக்கம் உதகை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மறு பக்கம் நடுவட்டத்தைக் கடந்து வளைந்து வளைந்து இறங்கினால் கூடலூர். இடையில் மூடுபனியும் மண்சரிவும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, மாவட்டத்தில் பல சாலைகள் துண்டிக்கப்பட்டன. பிள்ளை நேராக இருந்தால் இத்தூரத்தை எப்படியாவது கடந்துவிடலாம். குறுக்கே கிடந்தால் ஒவ்வொரு மணி நேரமும் தாயின் உயிரோடு விளையாடும்.

கருவறையில் பிள்ளை தலைகீழாக, முகவாய் நெஞ்சோடு ஒட்டியபடி இருப்பதே இயல்பு. நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பிள்ளைகள் பிட்டம் கீழாக அமர்ந்திருக்கும். குறுக்கே கிடப்பது அதனினும் அரிது. ஆனால் அதுவே மிகவும் அபாயமானது. பனிக்குடம் உடைந்ததும் கையோ தொப்புள்கொடியோ முதலில் நழுவி வரலாம். கருப்பை சுருங்கிச் சுருங்கித் தள்ளும்; பிள்ளைக்கோ வழியில்லை. அப்படியே விட்டால் கருப்பை கிழியும். தலை கீழே இருந்தும் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் வலி நீளும். பெரும்பாலும் தானே திரும்பிவிடும்.

இது புதிய நோயன்று. அந்தலுசின் மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூலின் முப்பதாம் பகுதியில், பிள்ளை இயல்புக்கு மாறாக வரும்போது மருத்துவச்சி என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். கை முதலில் வந்தால், கால் முதலில் வந்தால் என்று வகைப்படுத்தினார். கருவிகளின் படங்களையும் வரைந்தார். பிரசவ அறைக்குள் பெண்களே இருந்த காலத்தில், அவர்களுக்குக் கல்வி சேர வேண்டும் என்று அந்த ஆண் மருத்துவர் கருதியது கவனிக்கத் தக்கது. "இதெல்லாம் பெண்கள் சமாச்சாரம்" என்று கூடத்தில் அமர்ந்திருக்கும் நம் ஆண்கள் சற்று யோசிக்கட்டும்.

உயிர் தப்பினாலும் துன்பம் ஓய்வதில்லை. பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் நாட்கணக்கில் சிக்கி அழுத்தினால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உள்ள சதை அழிந்து துளை விழும். அதன்பின் சிறுநீர் ஓயாது கசியும். கேதரின் ஹாம்லின் என்ற மருத்துவர் தம் கணவருடன் 1959இல் எத்தியோப்பியா சென்று, இத்தகைய பெண்களுக்காகவே 1974இல் அடிஸ் அபாபாவில் மருத்துவமனை நிறுவினார். 2020இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். இக்குறையைப் பெரும்பாலும் அறுவை மூலம் சரிசெய்யலாம். இதில் சிக்கிய சகோதரிகள் தொழுகையையே விட்டுவிட வேண்டியதில்லை. இடைவிடாத கசிவு உள்ளவர், நேரம் வந்ததும் சுத்தம் செய்து உளூச் செய்து தொழலாம் என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ளது. ஆயினும் அவர்களை ஒதுக்கி வைக்கும் வீடுகள் உண்டு!

வயிற்றைத் தடவி, உருட்டி, "திருப்பிவிடுகிறேன்" என்பவர்களிடம் கர்ப்பிணியை ஒப்படைக்காதீர்கள். 36, 37ஆம் வாரத்தில் வெளியிலிருந்தே பிள்ளையைத் திருப்பும் முறை மருத்துவத்தில் உண்டு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது பலிக்கும். ஆனால் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடி, தேவையானால் உடனே அறுவைக்குச் செல்லும் வசதியுள்ள இடத்தில்தான் செய்வார்கள். பிள்ளை குறுக்கே கிடந்து வலியும் கண்டுவிட்டால் சிசேரியன்தான் வழி. "கத்தி வைத்துவிடுவார்கள்" என்று அஞ்சிக் கடைசி மணிவரை காத்திருப்பதால்தான் பல உயிர்கள் பறிபோகின்றன.

ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் "தலை எங்கே இருக்கிறது?" என்று கணவரே கேட்கட்டும். தலை கீழே இல்லை என்றால், வலி வரும்வரை மலைக்கிராமத்தில் இராமல், மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே சென்றுவிடுங்கள். வீட்டிலேயே பனிக்குடம் உடைந்து கையோ கொடியோ தெரிந்தால் இழுக்காதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள், முக்கச் சொல்லாதீர்கள். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து இடப்பக்கமாகப் படுக்க வைத்து, 108க்குத் தொலைபேசியில் அழையுங்கள். அழைக்கும்போதே "பிள்ளை குறுக்கே" என்று சொல்லிவிடுங்கள்.