செருப்பா, ஷூவா? வேலைக்குக் கிளம்பும் முன் பாதத்தைக் கொஞ்சம் கவனிங்க!

“நடக்க வசதியா செருப்பு இருக்கே, ஷூ எதுக்கு?” கடியப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் வேலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. ஆனால் ஐஸ் பெட்டி விரல்மேல் விழுந்தாலோ, கெளுத்தி முள் குத்தினாலோ, பல நாள் கூலி போய்விடும். பாதத்தை முழுவதும் மூடும் காலணி செலவல்ல, வருமானத்துக்கான பாதுகாப்பு.

எந்த வேலைக்கு எந்தக் காலணி?

* மீன் இறக்குமிடம், ஐஸ் ஆலை, மீன் பதனிடும் இடம்: வழுக்காத அடிப்பாகம் உள்ள ரப்பர் அல்லது பிவிசி கம்பூட்.
* கட்டட வேலை, வெல்டிங், இன்ஜின் பழுதுபார்ப்பு: விரல் பகுதியில் கவசம் உள்ள பாதுகாப்பு ஷூ.
* அலுவலகம், ஹோட்டல், நேர்முகத் தேர்வு: சுத்தமான, எளிமையான கறுப்பு ஷூ, சாக்ஸ். விலை முக்கியமில்லை, துடைத்துப் போட்டிருந்தாலே மதிப்பு கூடும்.

படகில் மட்டும் கவனம் தேவை. கடலில் விழுந்தால் கம்பூட்டில் தண்ணீர் நிறைந்து நீந்த முடியாமல் போகலாம். எனவே உதறினால் உடனே கழன்றுவிடும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். உயிர்காப்பு உடையும் அவசியம்.

வாங்கும்போது

பாதுகாப்பு ஷூவில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தின் 2ஆம் பாகத்தில் வரும் ஷூவின் விரல் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது, சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. 4ஆம் பாகத்தில் வரும் ஷூவுக்கு இந்தக் கவசம் கட்டாயமில்லை. எனவே பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முத்திரை போலியா? ‘பிஐஎஸ் கேர்’ செயலியைத் திறந்து, முத்திரையின் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணைப் பதியுங்கள். தயாரிப்பாளர் பெயரும் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். பொருந்தவில்லை என்றால் அதே செயலியிலேயே புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடுங்கள். கவசத்தில் பலத்த அடி பட்ட ஷூவை மாற்றிவிடுங்கள்.

பணம் யார் கொடுப்பது?

தொழிற்சாலையில் சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது முன்பு நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆவது பிரிவு. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதையே சொல்கிறது. சம்பளத்தில் பிடித்தம் செய்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் முறையிடலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் தெரிவிக்கலாம்.

வீட்டில் பாதுகாப்பு ஷூ இருக்கிறதா? அதன் எண்ணை இப்போதே செயலியில் சரிபார்த்துவிடுங்கள்.