மண்தடமும் சுருள்வில்லும்

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஒரு மைல் சுற்றளவுள்ள நீள்வட்ட மண்தடம் ஒன்றுண்டு. அதன் நேர்ப்பகுதியில் பந்தய மோட்டார் சைக்கிள்கள் மணிக்கு 200 கிலோமீற்றரையும் விஞ்சும். முன்சில்லுக்குப் பிரேக் கிடையாது. ஓட்டுநர் இரும்பு அடி பூட்டிய இடக்காலை ஊன்றி, பின்சில்லை வழுக்கவிட்டே இடப்புறமாகத் திரும்புவார்.

அவ்வழுக்கல் எல்லை மீறாமற் காப்பதிற் பெரும்பங்கு சுருள்வில்லுக்கும், அதன் துள்ளலை எண்ணெயால் தணிக்கும் அதிர்வடக்கிக்கும் உரியது. வில் மிக விறைத்திருந்தால் சில்லு சிறு மேடுகளிற் குதித்து மண்ணின் பிடியை இழக்கும். மிக இளகியிருந்தாலோ, வேகங் கொடுக்கும்போது பின்புறம் அமிழ்ந்து, முன்சில்லின் பாரம் குறைந்து, வண்டி வெளிவேலியை நோக்கி விலகும். அவ்வேகத்தில் வேலியில் மோதினால் உயிருக்கே ஆபத்து. 1950களிற் பலர் பின்வில்லே இல்லாத சட்டங்களை விரும்பி ஓட்டினர் என்பது இன்று வியப்பாகவே இருக்கிறது.

சீராக்கும் முறையில் மருமம் எதுவுமில்லை. ஓட்டுநரை இருக்கையில் அமர்த்தி, வண்டி எத்தனை மில்லிமீற்றர் அமிழ்கிறதென அளந்து, வில்லின் முன்னழுத்தத்தைத் திருத்துவர். பின்னரே அதிர்வடக்கி, அதுவும் ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன்தந்தது என்று அறிய வழியில்லை.

தடமோ ஒருபடித்தாய் இராது. தொடக்கத்தில் உதிரியாய்க் கிடந்த மேல்மண் ஓட்டங்கள் நடக்க நடக்க ஒதுங்கி, டயர் ரப்பர் படிந்த கரிய, ஒடுங்கிய, இறுகிய பாதை ஒன்று தோன்றும். பயிற்சியிற் பொருந்திய அமைப்பு இறுதி ஓட்டத்தில் ஏமாற்றுவது இதனாலேயே. அனுபவமிக்க ஓட்டுநர், மண்ணைக் காலால் உரசிப் பார்த்த பின்னரே திருகாணியைத் தொடுவார்.